காதின் பின்பக்கம்

கடைக்காரம்மாவின் கண்ணாடி அலமாரியில் எனக்கென்று ஒரே ஒரு தட்டு இருந்தது. உள்ளே நுழைந்ததும் வலது பக்கம், இடுப்பு உயரத்தில். நான் கையால் செய்த வெள்ளிக் கம்மல், மோதிரம், பதக்கம் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தத் தட்டை விரல் நகத்தால் டக்டக்கென்று தட்டிக்கொண்டே அவர் பேசினார்.

“இலை, பூ, மீன், நிலா. திரும்ப இலை. ஏம்மா, உனக்கே சலிக்கலையா?”

“விக்குதேக்கா.”

“வித்துச்சு. இப்ப நிக்குது. வர்றவங்க பாத்துட்டு, இது எங்கிட்டயே இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க. புதுசா ஒண்ணு வேணும். அதோட ஒவ்வொண்ணு பக்கத்துலயும் சின்னதா ஒரு அட்டை வைக்கப்போறேன். இதைச் செய்யத் தூண்டினது எதுன்னு ரெண்டு வரி. இப்பல்லாம் சனங்க கதையோட கொடுத்தாத்தான் நகையை வாங்கறாங்க.”

“தூண்டினது வயிறுன்னு எழுதிடலாமா?”

அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் புதிதாக ஏதாவது வரவேண்டும், வராவிட்டால் தட்டு மெழுகுக்காரனுக்கு என்று சொல்லிவிட்டார். மெழுகுக்காரன் கம்ப்யூட்டரில் படம் போட்டு, மெழுகில் அச்செடுத்து, வெள்ளியை ஊற்றி எடுப்பவன். நான் ஒரு ஜோடிக் கம்மலை அரம் போட்டு முடிப்பதற்குள் அவன் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டுவான்.

“அப்ப நான்?”

“பின்னாடி ரூம்ல உக்காந்து ரிப்பேர் பாரு. உன் கை சுத்தமான கை. வேலைக்குப் பஞ்சமே இருக்காது.”

அதாவது, மெழுகுக்காரன் நகையில் கொக்கி போனால் நான் மாட்டவேண்டும். என் அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவன் மூட்டையை முதுகில் ஏற்றி இறக்கினார். எந்த மூட்டைக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. எதையாவது காட்டி ‘இது நான் செஞ்சது’ என்று சொல்லவேண்டும் என்றுதான் நான் வெள்ளி வேலைக்கு வந்தேன். அப்படிச் சொல்ல எனக்கு இருந்த இடம் அந்த ஒரு தட்டு.

“உள்ளேருந்து வரணும்மா. வெளிய போய் நாலு இடம் பாரு. இயற்கையைப் பாரு,” என்று அனுப்பிவைத்தார்.

போனேன். பூங்காவில் உட்கார்ந்து புல்லைப் பார்த்தேன். புல், புல் மாதிரியே இருந்தது. புறாவைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. காவலாளி மூன்றாவது தடவையாக என்னைச் சுற்றிப் போனபோது எழுந்துவிட்டேன்.

தெருவில் ஒரு சாக்கடை மூடி கண்ணில் பட்டது. வட்டத்துக்குள் வட்டமாக வரிகள், தேய்ந்து பளபளப்பாக இருந்தது. சரி, இதைப் பதக்கமாக அடிக்கலாம் என்று குனிந்து போனில் படம் எடுத்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் லுங்கியோடு ஓடிவந்தார்.

“வந்துட்டீங்களா! எத்தனை தடவை போன் பண்றது? அதை ஏன் படம் எடுக்கறீங்க? அடைப்பு அங்க இல்ல, இங்க!”

“நான் அதுக்கு வரலைங்க.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. வாங்க, வந்து பாருங்க.”

நகை செய்கிறவள் என்று சொன்னேன். சாக்கடை மூடியைப் பார்த்து நகையா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு அடைப்பு எடுக்க வந்தவளாகவே இருந்திருக்கலாம் போலிருந்தது. போய்ப் பார்த்தேன். அடைப்பு உண்மையில் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

என் வேலையிடம் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில். மிஷின் வேகமாகச் சுற்றும்போது என் மேஜையும் ஆடும். அது நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். சாக்கடை மூடியை அங்கே அடித்து முடித்தேன். என் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை பார்க்கிறவர். சிமெண்ட் காய்ந்த கையோடு அதைத் தூக்கிப் பார்த்தார்.

“நல்லாருக்கே. டீ வடிகட்டியா?”

உருக்கினேன். கையில் இருந்த வெள்ளி அவ்வளவுதான். ஒன்றை அழித்துத்தான் அடுத்ததைச் செய்யவேண்டும். விதை மாதிரி ஒன்று செய்தேன்.

“மாத்திரையா?”

அதையும் உருக்கினேன். மழைத்துளி செய்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போனார். அவர் முன்பு சொன்னதையெல்லாம்விட அதுதான் மோசம். குளியலறைக்குள்ளிருந்து, “நாலு டைல்ஸ் கூடற மூலை இருக்குல்ல, அதைச் செய்யேன், பாக்க எவ்வளவு அழகு!” என்று சத்தம் வந்தது. ஊரில் எல்லாருக்கும் அவரவர் வேலையில் அழகு தெரிகிறது. எனக்கு மட்டும் என் வேலையில் தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒட்டு வைத்த நகையை உருக்குவதற்கு முன்னால், ஒட்டு இருக்கிற இடத்தை வெட்டித் தனியாகப் போட்டுவிடவேண்டும். ஒட்டுகிற பொடியில் வேறு உலோகம் கலந்திருக்கும். அது உள்ளே போனால் வெள்ளி விறைத்துப்போகும். வளைக்கப் போனால் வெடிக்கும். வேலைக்கு வந்த புதிதிலேயே தெரிந்துகொண்ட விஷயம். ஆனால் மழைத்துளி, பழைய இலை, விற்காத மீன் எல்லாவற்றையும் அள்ளி அப்படியே உருக்குகிற மூசையில் போட்டு நெருப்பை வைத்தேன். கட்டியை உருளையில் விட்டுத் தகடாக இழுத்தபோது ஓரமெல்லாம் பல் பல்லாகக் கிழிந்தது. நடுவிலும் கோடு கோடாக விரிசல். இருந்த வெள்ளி மொத்தமும் பாழ். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரம்மா வந்தார். அறுந்த சங்கிலி ஒன்றைக் கொடுக்கிற சாக்கு. உண்மையில் வேவு பார்க்கத்தான். மேஜைமேல் கிடந்த தகட்டைக் கண்டதும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

“இதை ஒளிச்சு வச்சுகிட்டா ஒண்ணும் வரலைன்னு தலைல கை வச்சுட்டிருக்கே? வறண்ட நிலம்! வெடிச்ச மண்ணு! அட்டைகூட எழுதிட்டேன் மனசுல.”

“அக்கா, இது கெட்டுப்போன வெள்ளி.”

“அதான் அழகே.”

“கழுத்துல போட்டா ஓரம் கீறும். ஒருநாள் கையோட வந்துடும்.”

“தினம் யாரு போடப்போறா? ஒரு கல்யாணத்துக்குப் போடுவாங்க, அப்புறம் பெட்டில வைப்பாங்க. நான் இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன்மா, எனக்குத் தெரியாதா? தட்டு உனக்குத்தான். இதை அப்படியே வெட்டி வளையம் போட்டுக் குடு.”

அவர் சொன்னது பொய்யில்லை. முக்கால்வாசி நகைகள் பெட்டியில்தான் கிடக்கின்றன. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், குடுத்துடேன் என்று புருவத்தாலேயே சொன்னார். எனக்கும் ஒரு நிமிஷம் கை நீண்டது. தட்டு நிற்கும், நான் செய்த நகை என்று அதில் இது இருக்கும். எவளோ ஒருத்தி சங்கிலியைப் போட்டுக்கொண்டு குனிவாள், பதக்கம் இரண்டாகும், இதை யார் செய்தது என்று கேட்பாள்.

தகட்டை இரண்டு கையாலும் எடுத்து லேசாக வளைத்தேன். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

“அடிப்பாவி,” என்றார் கடைக்காரம்மா. ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். “சரி. சனிக்கிழமை. அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது.” சங்கிலியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ரிப்பேர் வேலை அப்போதே ஆரம்பித்துவிட்டது மாதிரி இருந்தது.

“உனக்கு வாயில வர்ற நல்லதைத் துப்பற பழக்கம்,” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க பதிச்ச டைல்ஸ் ஒரு வாரத்துல பேந்தா சும்மா இருப்பீங்களா?”

அவர் சமையலறைக்குப் போனார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த டீக்குச் சரியாக என் நாத்தனாரும் வந்துசேர்ந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. மாடியில் குடியிருக்கிறார், மருந்துப் பெட்டி கட்டுகிற கம்பெனியில் வேலை. எலாஸ்டிக் தொப்பியைக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கவேண்டிய வேலை. வந்ததும் காதிலிருந்து ஏதோ ஒன்றை உருவி என் மேஜைமேல் போட்டார். நீல நிறத்தில் பேனா ரீஃபில் துண்டு.

“சீ, இதை ஏன் இங்க போடறீங்க?”

“வேற எங்க போட? காது ஓட்டை தூந்துபோகாம இருக்க இதைத்தான் சொருகியிருக்கோம். அங்க பாதிப் பேரு காதுல இதுதான்.”

“நான் செஞ்சு குடுத்த கம்மல் என்னாச்சு?”

“டப்பால பத்திரமா இருக்கு. தொப்பியைக் கழட்டறப்ப கொக்கி மாட்டிக் காது கிழியப் பாத்துச்சு. தொங்கறது ஆகாதுன்னு சூப்பர்வைசர் வேற கத்தறான். திருகு வச்சதைப் போட்டா, எலாஸ்டிக் அமுக்கிப் பின்னாடி குத்துது. உன் கம்மலெல்லாம் பாக்க நல்லாருக்கும்மா. போட்டுகிட்டு வேலை செய்ய முடியுமா?”

“எல்லா நகையும் அப்படித்தான் அண்ணி.”

“அப்படித்தான்னா, காதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே உங்களுக்கெல்லாம் தெரியாதா?”

எனக்குச் சுருக்கென்றது. இதுவரை செய்ததையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். இலை, பூ, மீன், நிலா, சாக்கடை மூடி எல்லாம் முன்பக்கம். பின்னால் கொக்கியோ திருகோ, யாரோ என்றைக்கோ முடிவு செய்ததை நான் கேள்வி கேட்காமல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒட்டுதான் என் வெள்ளியையும் கெடுத்தது.

“திரும்புங்க,” என்றேன்.

“என்னத்துக்கு?”

“திரும்புங்கன்னா.”

பதக்கத்துக்குப் பத்தாது என்று ஒதுக்கிவைத்த, ஒட்டே படாத சுத்தமான கம்பித் துண்டுகள் கொஞ்சம் டப்பாவில் கிடந்தன. ஒன்றை எடுத்து, நுனியில் வெங்காரப் பொடி தொட்டு நெருப்பில் காட்டினேன். நுனி உருகித் தானாகவே சின்ன உருண்டையாகத் திரண்டது. அதைப் பொட்டு மாதிரி தட்டினேன். மீதிக் கம்பி காது ஓட்டை வழியாகப் போய், பின்னால் கீழ்நோக்கி வளைந்து, காது மடலோடு படுத்துக்கொண்டது. கொக்கி இல்லை, திருகு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே கம்பி.

அண்ணி மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் மாடிப்படி ஏறவில்லை. நேராக என்னிடம்தான் வந்தார்.

“உன்னால என் மானம் போச்சு! குனிஞ்சதும் நழுவி எந்தப் பெட்டிக்குள்ளயோ விழுந்துடுச்சு. சூப்பர்வைசர் வேலையை நிறுத்திட்டு, கட்டின பெட்டியெல்லாம் பிரிக்க வச்சான். எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க!”

“கிடைச்சுதா?”

“நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கறே?”

கிடைத்திருந்தது. கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்தார். வால் மிருதுவாக இருந்ததுதான் தப்பு; விறைப்பு ஏற்றவேண்டும். சின்னச் சுத்தியால் வாலை மட்டும் மெல்ல அடித்தேன். சுத்தமான வெள்ளி அடிக்க அடிக்க முறுக்கேறும்; கெட்ட வெள்ளி மாதிரி வெடிக்காது. அடுத்ததில் பிடி இருந்தது, ஆனால் இடது காதில் கிள்ளியது. ஒரே ஆளுக்கே இரண்டு காது மடலும் ஒரே கனம் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில், கடை வரிசையில், முன்னால் நிற்கிற பெண்களின் காதைப் பின்னாலிருந்து பார்ப்பதே வேலையாகப் போயிற்று. ஒருத்தி திரும்பி, “என்னங்க, பூச்சி ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். இறங்கும்வரை கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணி மூன்று தடவை திட்டினார். நாலாவது தடவை தொப்பியோடு வீட்டுக்கே வந்து, மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிக் காட்டினார். ரீஃபில் துண்டைக் குப்பையில் போட்டார்.

சனிக்கிழமை கடைக்காரம்மா முன்னால் நாலு ஜோடியை வைத்தேன்.

“என்னது, ஆணியா?”

“போட்டுப் பாருங்கக்கா.”

“போட்டோ எடுத்தா ஒரு புள்ளிதான் தெரியும். அலமாரில வச்சா கண்ணுக்கே தெரியாது. தூண்டினது எதுன்னு என்ன எழுத?”

“எங்க நாத்தனார் எரிச்சல்னு எழுதுங்க.”

“விளையாடாதே. மெழுகுக்காரன் பதினோரு மணிக்கு வர்றான்.”

“வரட்டும். அதுக்குள்ள போட்டுப் பாருங்க.”

பெருமூச்சு விட்டுக்கொண்டே தன் கனமான கம்மலைக் கழற்றி இதை மாட்டினார். கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, யாரோ ஒரு வாடிக்கைக்காரியிடம் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே ஒரு பெட்டியைக் காகிதத்தில் சுற்றினார், டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினார். போனில் அந்தப் பக்கம் இருந்தவள் லேசில் விடவில்லை. ஒருவழியாகப் போனை வைத்துவிட்டு, மேஜைமேல் கையால் துழாவினார்.

“என்ன தேடறீங்க?”

“போன் பேசறப்ப கழட்டி வச்சேனே, உன் ஒத்தைக் கம்மல்…” கை நின்றது. காதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் காதின் பின்பக்கத்தை. விரலால் வாலைத் தடவி, தடவி, நெற்றியைச் சுருக்கினார். பாராட்டெல்லாம் வரவில்லை.

“அட்டை வேணாம். சின்னக் கண்ணாடி ஒண்ணு வைக்கறேன் தட்டுல. வர்றவங்க மாட்டித்தான் பாக்கணும், வேற வழியில்ல,” என்று அலுத்துக்கொண்டார். “மெழுகுக்காரனுக்குக் கீழ்த்தட்டுல இடம் பண்ணிடலாம். எத்தனை வேலைடீ வச்சிருக்கே எனக்கு! ஒவ்வொரு காதுக்கும் தனியா வளைக்கணும்னா, நீதான் இங்க வந்து உக்காரணும். தெரியுதா?”

“வர்றேன். தட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போடுங்க.”

“போடறேன், போடறேன். அதிகாரத்தைப் பாரு. இந்தா, இந்த வலது காது கொஞ்சம் இழுக்குது.”

பையிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

“ஆடாதீங்கக்கா,” என்றேன்.