பானிங் பொறுக்கிய நாலு மேகசின்

பொய் சொல்வதை என் எழுபதாவது பிறந்தநாளோடு நிறுத்திவிட்டேன். இது நடந்தது அதற்கு அடுத்த மாதம். ஆகவே தயங்காமல் நம்பலாம்.

பிலிப்பைன்ஸில், பக்கோலோடில் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலையில், டயர் கடைக்குப் பின்புறம் என் பட்டறை. போட்டிக்காரர்களின் கைத்துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பேன்; பழையவற்றை வாங்கி, உரிமம் உள்ளவர்களுக்கு விற்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஊரில் பாதிப் பேர் சேவல் சண்டைக்குப் போவார்கள். மீதிப் பேர் கரும்புக்கு நடுவே இருக்கும் எங்கள் திடலுக்கு வருவார்கள். நின்ற இடத்தில் நின்றுகொண்டு வட்டத்தின் நடுவில் சுடுகிற சாதுவான விளையாட்டு இல்லை இது. மணி ஒலித்ததும் ஓட வேண்டும். தடுப்புக்குத் தடுப்பு நின்று அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். ஓடுகிற ஓட்டத்திலேயே மேகசின் மாற்ற வேண்டும்.

மேகசின் என்பது தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் தகர உறை. உள்ளே ஒரு ஸ்பிரிங், மேலே தோட்டாவைப் பிடித்து நிறுத்த இரண்டு உதடு. அவ்வளவுதான். என் நாற்பது வருடத் தொழிலில் பெரிய மனிதர்கள் அழுததில் பாதி அந்த உதடுகளால்தான்.

எபிஃபானியா சுமகாய்சாய், சந்தைக்கு எதிரே கோழி வாட்டி விற்பவள். ஊருக்கே நாங் பானிங், அதாவது பானிங் அக்கா. எனக்கு மட்டும் தங்கை முறை; என்னை நோங் சிலோ, அதாவது சிலோ அண்ணன் என்பாள். வலது கையால் கரியை விசிறிக்கொண்டே இடது கையால் முப்பது குச்சிகளைத் திருப்புவாள். அவள் கை வருவதற்குள் கடைசி இரண்டு குச்சிகள் வெட்கப்பட்டுத் தாமாகவே திரும்பிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று வருடமாக இரவல் துப்பாக்கியில் சுட்டுவந்தாள். அதன் சொந்தக்காரன் இலோய்லோவுக்கு மாற்றலாகிப் போனபோது துப்பாக்கியும் கூடவே கப்பல் ஏறியது. மணிலாவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு எங்கள் தீவிலிருந்து நாலு பேர் அணி. மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு ஆறு வாரத்தில் தேர்வு. போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் டாக்டர் தெர்சோ ஹினோலான். என் வாயில் மீதமிருக்கும் பதினோரு பற்களும் அவர் தயவு. மற்றவள் பானிங். அவளிடம் அப்போது துப்பாக்கியே இல்லை.

உரிமம் இருந்தது. புத்தி சரியாக இருக்கிறது என்ற சான்றிதழை அவள் முதல் தடவையிலேயே வாங்கினாள். எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

"இந்தா பாரு பானிங்," என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். "வெளிநாட்டுச் சரக்கு. விசையத் தொட்டா வெண்ணெய் மாதிரி. உன் கையில இருக்கிற பணத்துக்குச் சரியா வரும்."

அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"மேகசின் எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டு சக்கரத்தோட ஜீப்னி வண்டி விக்கிறீங்களா நோங் சிலோ?"

"மத்தத பொறுமையா வாங்கிக்கலாம்மா."

"தேர்வு பொறுமையா வருமா?"

மூலையில் கிடந்த இன்னொன்றைக் காட்டினேன். உள்நாட்டில் செய்தது. காவல் கம்பெனி ஒன்று பதினெட்டு வருடம் இடுப்பில் தொங்கவிட்டுக் கழித்துப்போட்டது. கருப்பு முழுக்கத் தேய்ந்து தகரத் தட்டு நிறத்தில் இருந்தது. ஆட்டினால் கிலுகிலுப்பை. வெற்றுத் தோட்டாக் கூடுகளை அது துப்புகிற தூரம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வயல் தள்ளிக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் மதியச் சோற்றுப் பாத்திரத்தில் ஒன்றைக் கண்டெடுத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். சூடாக இருந்தது.

"விலை பாதிதான். ஆனா இதுகூட மேகசின் ஒண்ணும் இல்ல. வேணும்னா அந்த டப்பாவுல பொறுக்கிக்கோ."

பிஸ்கட் டப்பாவில் முப்பத்தொரு மேகசின் கிடந்தன. எல்லாம் அந்த வகைத் துப்பாக்கிக்கானவை. எந்தத் துப்பாக்கியோடு பிறந்தவை என்று அவற்றுக்கே தெரியாது.

பானிங் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். காலையில் கடைக்குக் கோழி ஊறவைத்துவிட்டு வருவாள், மாலையில் கரி பற்றவைக்கப் போவாள். ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டினாள். ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தி, மெதுவாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சந்தையில் மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல உதடுகளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் ஒதுக்கினாள்.

"அது புதுசும்மா, பெட்டி பிரிக்காதது!" என்றேன் ஒன்றைக் காட்டி.

"இது பொய் சொல்லுது நோங்."

"பொய்யா?"

"ஏழாவதுல."

அவள் போன பிறகு அதில் பத்துத் தோட்டா போட்டுத் திடலில் சுட்டுப் பார்த்தேன். ஆறு நன்றாகப் போயிற்று. ஏழாவது மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சிக்கியது. மறுபடி போட்டேன், மறுபடி ஏழாவது. ஐந்து தடவை. நான் தொப்பியைக் கழற்றினேன். திடலில் வேறு யாரும் இல்லை, இருந்தாலும் கழற்றினேன்.

கடைசியில் நாலு மேகசின் பொறுக்கினாள். மீந்த பணத்துக்குத் தோட்டா வாங்கினாள். நாலுக்கும் அடியில் சிவப்பு நகச்சாயத்தால் எண் எழுதினாள்.

எல்லாம் சரி, ஒரு கெட்ட பழக்கம் மட்டும் வந்துவிட்டது. எங்கள் ஆட்டத்தில் மேகசின் காலியாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அடுத்த தடுப்புக்கு ஓடும்போதே, இரண்டு மூன்று தோட்டா மிச்சமிருந்தாலும் பழையதைத் தரையில் விட்டுவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். சேற்றில் விழட்டும், ஆட்டம் முடிந்து பொறுக்கிக் கழுவிக்கொள்ளலாம். டாக்டர் தெர்சோ ஓடினால் பின்னால் மேகசின்கள் கோழி எச்சம் மாதிரி வரிசையாகக் கிடக்கும். பானிங்குக்கு மனசு வரவில்லை. பழையதை இடது கையால் பிடித்துக் காற்சட்டையின் பின் பைக்குள் போட்டுவிட்டுத்தான் புதியதைச் செருகுவாள். ஒவ்வொரு தடவையும் ஒரு முழு வினாடி நஷ்டம்.

"விட்டுத் தொலைங்க நாங்!" என்று பயிற்சியில் டாக்டரே கத்தினார். "அது என்ன முட்டையா?"

"மூணு நாள் காது வலிக்கப் பொறுக்கினது டாக்டர். உங்க பல்லு செட்டை நீங்க தரையில போடுவீங்களா?"

தேர்வு நாளன்று, கடைசிச் சுற்றுக்கு முன்னால் டாக்டர் இம்மியளவு முன்னிலையில் இருந்தார். அந்தச் சுற்றில் நாலு தடுப்பு. முதல் மூன்றில் எட்டு எட்டு அட்டை இலக்கு, நாலாவதில் தூரத்தில் ஆறு இரும்புத் தட்டு. மொத்தம் முப்பது தோட்டாவில் முடிய வேண்டிய வேலை. ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுக்கு முன்னால் கரும்புச் சோகையைக் கொளுத்தியிருந்தார்கள். சரியாக நாலாவது தடுப்புக்கு நேரே புகை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டத்தை நிறுத்தலாமா என்று எல்லோரும் தலைமை நடுவரைப் பார்த்தார்கள். நாங் மெலித்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. விதிப்புத்தகத்தை ஜெபப்புத்தகம் மாதிரி மார்போடு அணைத்திருப்பாள்.

"மழைக்கு விதி இருக்கு. புகைக்கு இல்ல. சுடுங்க."

டாக்டர் முதலில் போனார். மூன்று தடுப்பும் மின்னல். நாலாவதில் புகை. இருபது தோட்டா விட்டார், நாலு தட்டுதான் சாய்ந்தது. இடுப்புப் பட்டையில் மேகசினைத் தடவினார், ஒன்றுமில்லை. மிச்சத் தோட்டாக்களோடு அவருடைய மேகசின்கள் முப்பது அடி பின்னால் சேற்றில் பளபளத்தன. ஒரு கணம் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், பல் பிடுங்கப்படுகிறவனின் பார்வை அது. இரண்டு தட்டு நின்றபடியே அவர் ஆட்டம் முடிந்தது.

அடுத்து பானிங். நேரக் கருவியோடு அவள் முதுகுக்குப் பின்னால் ஓடியவன் நான். அந்தக் கருவி ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் எண்ணும். அதை நினைவில் வையுங்கள். அவளிடம் நாலு மேகசின், நாற்பது தோட்டா.

மூன்று தடுப்பில் எட்டு எட்டாக இருபத்துநாலு. மூன்று தடவை மேகசினைப் பின் பையில் போட்டாள். மூன்று தடவை டாக்டர் பக்கத்திலிருந்து பெருமூச்சு கேட்டது. நாலாவது தடுப்பு. புகைக்குள் பத்துத் தோட்டா. மூன்று தட்டு சாய்ந்த சத்தம். துப்பாக்கி காலி, இடுப்பு காலி.

அப்போது அவள் இடது கை பின்னால் போயிற்று.

பைக்குள் மூன்று மேகசின், ஆளுக்கு இரண்டு தோட்டா. முதலாவது: ஒன்று பட்டது, ஒன்று போயிற்று. இரண்டாவது: இரண்டும் புகையோடு போயிற்று. மூன்றாவது: முதல் தோட்டாவில் ஐந்தாவது தட்டு விழுந்தது. இரண்டாவது தோட்டா எங்கோ கரும்புக்குள் போனதை என் காதால் கேட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். காலியானால் அந்தத் துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூடியே இருந்தது. பானிங் மூச்சை விட்டாள், புகை ஒரு முழம் விலகியது, விசையை அழுத்தினாள்.

டாங்.

ஆறாவது தட்டு சாய்ந்தது. அதன் பிறகுதான் துப்பாக்கி வாயைத் திறந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். "பின் பையிலேர்ந்து எடுக்கலாமா? அது செல்லுமா?"

மெலித்தா புத்தகத்தைப் புரட்டாமலேயே சொன்னாள். "பின் பைன்னா செல்லும். முன் பைன்னாத்தான் தகராறு. உட்காருங்க டாக்டர்." பிறகு என் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "சிலோ, இது என்ன?"

நாற்பத்தொன்று.

பானிங் ஆடும் பிரிவில் ஒரு மேகசினுக்குப் பத்துத் தோட்டாதான். பதினொன்று போட்டிருந்தால் அலங்காரத் துப்பாக்கிக்காரர்களின் பிரிவில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அங்கே அவளுக்கு இடமில்லை. மணிலாவும் இல்லை, அணியும் இல்லை.

"எதிரொலியா இருக்கும்," என்றேன்.

"எதிரொலி தட்டைச் சாய்க்குமா?" என்றாள் மெலித்தா. "நாலையும் மேசையில வை பானிங். ஒண்ணுலயாவது பதினொண்ணு போச்சுன்னா நீ வெளிய."

பானிங் வைத்தாள்.

மெலித்தா முயன்றாள், பத்தோடு நின்றது. நான் முயன்றேன், நகம் உடைந்தது. "நகருங்க," என்று டாக்டர் தெர்சோ சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கடைவாய்ப் பல்லை இரண்டு விரலால் அசைத்து எடுக்கிற கட்டைவிரல் அவருடையது. பானிங் தோற்க வேண்டுமென்று அந்தத் திடலில் உண்மையாக ஆசைப்பட்டவரும் அவர் ஒருவர்தான். ஒன்றாம் எண். போகவில்லை. இரண்டு. போகவில்லை. மூன்றாம் எண்ணை மடியில் வைத்துக்கொண்டு முகம் சிவக்க அழுத்தினார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. பதினோராவது தோட்டா எம்பிக் குதித்து அவர் நெற்றியில் பட்டது. நாலாம் எண்ணும் அப்படியே.

டாக்டர் வேர்வையைத் துடைத்தார். மேகசினைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த ஆறாவது தட்டைப் பார்த்தார்.

"பத்துதான் பிடிக்குது," என்றார். குரல் கோயிலுக்குள் பேசுகிறவர் மாதிரி இறங்கியிருந்தது. "நாலும் பத்துதான்."

மெலித்தா ஏட்டில் பானிங்கின் பேரை எழுதினாள். பேனாவை மூடிவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்பவள்போல மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்துது பானிங்?"

"நான் எண்ணல நாங். தட்டு நின்னுச்சு, சுட்டேன்."

மறுநாள் மத்தியானம் டாக்டர் கோழிக் கடைக்கு ஒரு பயணப் பையோடு வந்தார். உள்ளே பன்னிரண்டு மேகசின். பானிங் ஒரு கையால் குச்சிகளைத் திருப்பிக்கொண்டே, மறு கையால் ஒவ்வொன்றாகக் காதோரம் ஆட்டினாள். ஐந்தை ஒதுக்கினாள். அந்த ஐந்தும் இருப்பதிலேயே விலை உயர்ந்தவை. டாக்டர் இரண்டு கோழி கூடுதலாகத் தின்றுவிட்டுப் போனார்.

மணிலாவுக்குக் கிளம்பும் முன் பானிங் நாலு மேகசினையும் துடைத்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் விட்டிருந்தாள். மூன்றாம் எண்ணை மட்டும் தனியாக எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பத்துத் தோட்டாவை எண்ணிப் போட்டேன். எண்ணி வெளியே எடுத்தேன். பத்துதான் வந்தது.

கவிழ்த்தும் பார்த்தேன். காதோரம் ஆட்டியும் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. துடைத்து, மற்ற மூன்றோடு சேர்த்து, அவள் பைக்குள் பத்திரமாக வைத்தேன். பின் பைக்குள்.