அடுத்தவன் கிண்ணத்து நெருப்பு

தேங்காயைப் பலகாரத்தின் மேல் துருவித் தூவித்தான் பார்த்திருக்கிறேன். மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. என் அப்பா காலத்தில் ஏழைகளின் ஹூக்காவுக்குக் கொட்டாங்குச்சிதான் தண்ணீர்க் குடுவை. இப்போது அந்தக் குடுவையையே கரியாக்கிப் புகையிலைக்கு மேலே வைக்கச் சொல்கிறார்கள். விற்கிறவன் பேச்சை நம்புகிற ஆள் இல்லை நான். இருந்தும் வாங்கினேன். காரணம் பதீர்.

பதீர் நாற்காலி செய்கிறவன். எகிப்தில் எங்கள் ஊரான தும்யாத்தில் பாதிப் பேருக்கு மரவேலைதான் பிழைப்பு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் என் காபிக் கடைக்கு வருவான். தன் கையால் செய்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஹூக்கா பிடிப்பான், என்னோடு டோமினோ ஆடுவான். நான் வாய் கொழுப்பாகப் பேசுகிறவன். திட்டினால் திருப்பித் திட்டிவிட்டு மறுநாளும் வருகிறவன் ஊரில் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஒருமுறையோடு சரி.

பெருநாளன்று ஆரஞ்சு மரக் கரியிலிருந்து பொறி தெறித்து அவனுடைய புது அங்கியில் ஓட்டை விழுந்தது.

"அடுத்த பெருநாளைக்கு உன் கடைக்கு அம்மணமாத்தான் வரணும் போல," என்றான்.

"வந்துடாதே. இருக்கிற நாலு பேரும் ஓடிடுவாங்க."

சொல்லிவிட்டேனே தவிர மனசு உறுத்தியது. பொறி பறக்காத கரி தேட ஆரம்பித்தேன்.

ஸர்வத் என்கிற வியாபாரி, சோப்பை வெட்டி வைத்தது போலச் சதுரம் சதுரமாகக் கொட்டாங்குச்சிக் கரி கொண்டுவந்தான். ஒன்றைத் தரையில் போட்டான். கணீரென்றது.

"சத்தம் கேட்டீங்களா ஹாஜி? எரிஞ்ச பிறகு சாம்பலைப் பாருங்க. வெள்ளையா இருந்தா அசல். கறுத்திருந்தா கலப்படம்."

காலகாலமாக மரக்கரி போடும் ஷலபி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான்.

"கல்லைப் போட்டாலும்தான் சத்தம் வரும். வெள்ளைச் சாம்பலா? சுண்ணாம்பு கலந்தா எதுவும் வெள்ளையாத்தான் வரும். உங்க கடைச் சுவரு வெள்ளையாத்தானே இருக்கு, அதை உடைச்சுப் பத்தவைங்களேன்."

ஒருவன் சொல்வது உண்மையென்றால் மற்றவன் பொய்யன். இரண்டு பேரும் பொய்யர்களாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று அன்று மாலை பதீரின் ஹூக்காக் கிண்ணத்தில் புகையிலைக்கு மேல் அந்தக் கரியை வைக்கச் சொன்னேன். என்னிடம் வேலை செய்யும் ஸகி அடுப்பில் பழுக்கவைத்து எடுத்து மூன்று கட்டிகளை அடுக்கினான். நல்ல வெயில். புகை இல்லை, பொறி இல்லை, வாசனை இல்லை. எரிகிறதா செத்துவிட்டதா என்றே தெரியவில்லை. எனக்குக் கண்ணில் புரை வேறு. பதீர் தன் டோமினோக் காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடுக்கியால் ஒரு கட்டியை எடுத்து முகத்தருகே பிடித்தேன். வெள்ளையா? மங்கலா? ஊதிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பதீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லி எழுந்தான். ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனான்.

இன்னொன்றும் விளங்கவில்லை. காலையிலிருந்து பற்றவைக்க மறந்து வாயில் சும்மா வைத்திருந்த சிகரெட் அப்போது புகைந்துகொண்டிருந்தது. எப்போது பற்றவைத்தேன்? வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பதீர் எதிர்க் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தான், முதுகை என் பக்கம் திருப்பி. கரி ருசிக்கவில்லை என்று நினைத்தேன். அதை ஓரங்கட்டிவிட்டு மரக்கரிக்குத் திரும்பினேன். அவன் வரவில்லை. ஸர்வத்திடமே வேறு ரகம் வாங்கினேன். வரவில்லை. அந்தக் கடையில் என்ன கரி என்று ஸகியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். நான் முதலில் வாங்கிய அதே கரி. அப்படியென்றால் அங்கே ருசிக்கிறது, இங்கே ஏன் கசந்தது? தண்ணீரா? புகையிலையா? குழாயா? மூன்றையும் மாற்றினேன். நாற்காலி காலியாகவே கிடந்தது. டோமினோப் பெட்டியைத் தொடவில்லை. ஸகியைத் திட்டினேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதில் ஒரு சுகமும் இல்லை.

கடைசியில் நாலாவது ரகத்தை அவிழ்க்கும்போது ஸகி கேட்டான்:

"இதெல்லாம் யாருக்கு முதலாளி?"

"பதீருக்குத்தான். எது புடிக்குதுன்னு தெரியலையே."

அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அவரு கிண்ணத்து நெருப்பை எடுத்து சிகரெட்டு பத்தவச்சீங்களே. வேணும்னே விரட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

கரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். ஒருவன் ஹூக்காவின் நெருப்பில் இன்னொருவன் சிகரெட் பற்றவைப்பது எங்களிடம் மீசையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். அப்படிச் செய்த ஒரு மாலுமியை நானே கடையைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்.

"நான் சாம்பலைத்தான்டா பார்த்தேன்."

"வாயில சிகரெட்டோடவா?"

தெருவைத் தாண்டினேன். எதிரிக் கடைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. பதீர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஹூக்கா கேட்டேன். கடைக்காரன் இளித்தான், இளிக்கட்டும். ஹூக்கா வந்ததும் பதீர் முன்னால் ஒரு சிகரெட்டை வைத்தேன்.

"நான் சிகரெட் குடிக்கிறதில்ல," என்றான் திரும்பாமல்.

"தெரியும். என் கிண்ணத்துல பத்தவை. எல்லாரும் பார்க்கட்டும்."

"அன்னிக்கு ஏன்யா அப்படிப் பண்ணின?"

"சாம்பல் வெள்ளையா கறுப்பான்னு பார்த்தேன்."

"யோவ், பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் நல்லதாச் சொல்லு."

"இதைவிட நல்லதா வரல. உனக்குத்தான் அந்தக் கரியே வாங்கினேன். உன் அங்கியில ஓட்டை விழுந்துச்சே."

பதீர் என் பக்கம் திரும்பினான். பிறகு இடுக்கியை எடுத்து என் கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியைத் தூக்கினான். முகத்தருகே கொண்டுபோனான். சுருக்கிய கண்ணோடு பார்த்தான்.

"இது எரியுதா?"

"அதைத்தானே நானும் பார்த்தேன்."

சிகரெட் நுனியை வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. அலுத்துப்போய் எடுக்கும்போது புகைந்தது. ஒரு இழுப்பு இழுத்துக் கண்ணில் நீர் வர இருமினான். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சாம்பல் என்ன நிறம்?" என்றேன்.

"எனக்கு வெள்ளையாத் தெரியுது. உனக்கு?"

"எனக்கு மங்கலா."

"உனக்கு எல்லாமே மங்கல்தான்." சிகரெட்டை நசுக்கிவிட்டு எழுந்தான். "நடுவுல விட்ட ஆட்டம் எனக்குத்தான் ஜெயிப்பு, ஞாபகம் இருக்கா?"

"இல்லவே இல்ல."

என்னோடு தெருவைத் தாண்டித் தன் நாற்காலியில் கிடந்த கரித்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். ஸகி நாலு ரகத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு எதைப் பற்றவைப்பது என்று நின்றான். நான் பதீரைப் பார்த்தேன். பதீர் என்னைப் பார்த்தான்.