நிலா எழாத கார்த்திகை

அந்தக் கார்த்திகையில் மூன்று வாரத்துக்கு மேல் தென்காசி வட்டாரத்தில் நிலா எழவில்லை. குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் உள்ள ஒரு லாட்ஜின் மாடியறையில் படுத்துக்கிடந்தது. அது அங்கே தங்குவது புதிதன்று. மலைக்குப் பின்னால் மறைந்ததும் இறங்கி வந்து, நாளுக்கொரு அறையில் இளைப்பாறி, நேரத்துக்கு எழுந்து போகும். கதவடியில் வெளிச்சம் கசிந்தால் அந்த அறையை ஊழியர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. திருநெல்வேலிக்கு அப்பால் நிலா வழக்கம்போல் உதிப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். இங்கே அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

லாட்ஜுக்குப் பங்குதாரர்கள் இருவர்: தென்காசி ரெங்கம்மாள், துபாயிலிருந்து திரும்பிய கடையநல்லூர் கிதிர் முகம்மது. அரபு மரபில் நிலா நாளுக்கொன்றாகத் தங்கும் விண்மீன் மனைகள் இருபத்தெட்டு என்று சொல்லி, அத்தனை அறைகள் கட்டவைத்தவர் கிதிர் முகம்மது. ரெங்கம்மாளின் பஞ்சாங்கத்தில் நட்சத்திரம் இருபத்தேழுதான். ஐப்பசியில் வெளியூர்க்காரர் ஒருவர் அறை மாறி நுழைந்து, தலைமுடி முழுதும் வெளுத்து வெளியே வந்ததால், கதவுதோறும் பெயர்ப்பலகை மாட்டுவதென்று முடிவாயிற்று. பங்குதாரர்களுக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காக ஒரே கதவில் இரு பலகைகள்: மேலே தமிழ் நட்சத்திரத்தின் பெயர், கீழே அரபு மனையின் பெயர். பலகை எழுதும் ஜெபசிங் இரு வரிசைகளையும் முதலிலிருந்து ஒன்றுக்கொன்றாக எண்ணி ஆணி அடித்துக்கொண்டே போனார். கடைசிக் கதவுக்குத் தமிழ்ப் பெயர் மிஞ்சவில்லை. அந்த அறையில் பழைய மெத்தைகளைப் போட்டுப் பூட்டினார்கள்.

“அண்ணாச்சி, ஒங்க கூட்டத்துல ஒண்ணு கூட இருக்கே, எங்கன புடிச்சுட்டு வந்திய?” என்று ரெங்கம்மாள் சிரித்தார்.

“ஒங்க கூட்டத்துலதான் ஒண்ணக் காணல, தாயி. ஐந்தருவில குளிக்கப்போயி தொலைச்சுட்டியளோ?” என்றார் கிதிர் முகம்மது.

அதுவரை தன் அறையைத் தானே அறிந்து போன நிலா, எழுதிவைத்த பிறகு எழுத்தைப் பார்த்தே நுழையத் தொடங்கியது. உத்திராடம் வரை இடரில்லை. திருவோணத்தில் வாசலிலேயே தயங்கியது. அவிட்டத்திலும் சதயத்திலும் தாமதமாக எழுந்தது. பூரட்டாதி என்ற பலகை கொண்ட அறைக்குள் போனதும் எழுவதையே விட்டுவிட்டது. அந்தக் கதவின் கீழ்ப்பலகை அரபியர் கூடாரங்கள் என்றழைக்கும் விண்மீன்களுக்குரியது. நிலாவில் ஒரு பாதி பூரட்டாதியைத் தேட, மறுபாதி கூடாரத்தைத் தேட, இரண்டும் ஓரிடத்தில் அகப்படாமல் அது புரண்டுகொண்டே கிடந்தது.

நிலா நகராததால் பிறைக் கணக்கில் மாதம் முடியவில்லை. மாதம் முடியாததால் கிதிர் முகம்மதுவின் மகள் ஹுஸ்னாவுக்கு வலி வரவில்லை. நிறைமாதம் நிறைமாதமாகவே நின்றது. அவள் கணவன் துபாயிலிருந்து நாள்தோறும் அழைத்து, அங்கே மாதம் மாறிவிட்டதே என்று அழுதான். அறுவை செய்யலாமென்றால் ஹுஸ்னாவுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் குறை. மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று டாக்டர் அஞ்சினார். கிதிர் முகம்மது, தமிழ்ப் பலகைகளைக் கழற்றிவிடலாம் என்றார். ரெங்கம்மாள், அரபுப் பலகைகளைக் கழற்றுங்கள் என்றார். பேச்சு முற்றி, இருவரும் முகம் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். ஐயப்பமார்கள் கூட்டம் நிரம்பிய அந்த லாட்ஜில், ஒரே கதவின் முன் ஒருவர் பாத்திஹா ஓதினார். மற்றவர் சூடம் ஏற்றினார்.

நாட்காட்டியில் கார்த்திகையின் கடைசி வாரத்தில், ஒரு நாள் பொழுது சாய்ந்ததும், ஹுஸ்னாவைச் சேர்த்திருந்த தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து கிதிர் முகம்மதுவின் மனைவி சைதூன் பீவியின் குரல் போனில் வந்தது. “ஏங்க, வயித்துப் பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். இன்னும் ஒரு மணி நேரந்தான் பாப்பாகளாம். பொறவு என்னானாலும் கத்திதானாம்.”

கிதிர் முகம்மது போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அருகில் நின்று கேட்ட ரெங்கம்மாள், மூன்று வாரம் பேசாதிருந்ததை மறந்து, அவர் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். “எழுதினதப் பாத்துச் சண்டை போட்டது போதும் அண்ணாச்சி. மேல பாப்போம்.”

மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அண்ணாந்து, மழைத்துளி கண்ணில் விழ, காத்துநின்றார்கள். ஒரு கிழிசல் வழியே நான்கு விண்மீன்கள் சதுரமாய்த் தெரிந்தன.

“அந்தா கட்டிலு, அண்ணாச்சி! முன்கால் ரெண்டும் பூரட்டாதி, பின்கால் ரெண்டும் உத்திரட்டாதி.”

“கட்டிலா? அது எங்க வாளியில்லா, தாயி! முன்வாய்க்கு ரெண்டு, பின்வாய்க்கு ரெண்டு.”

சொன்ன இருவரும் ஒருவர் விரலை மற்றவர் பார்த்தார்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டின. அப்படியானால் வாளியின் முன்வாய் என்ற அரபுப் பலகை பூரட்டாதிக் கதவில் இருந்திருக்க வேண்டும். ஜெபசிங் அதை அடுத்த கதவில் அடித்திருந்தார். ரெங்கம்மாள் விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணினார். திருவோணத்துக்கு முன்னால் தமிழ்ப் பெயரில்லாமல் ஒரு கதவு மிஞ்சியது.

“இருந்துச்சு அண்ணாச்சி,” என்றார், தாழ்ந்த குரலில். “அபிஜித்துன்னு ஒண்ணு. நாங்கதான் அத எண்ணாம விட்டுட்டோம். ஒங்க இருபத்தெட்டு சரிதான்.”

ஜெபசிங்கை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். “எழுதித் தந்ததை வரிசையா அடிச்சேன். அண்ணாந்து பாக்கணும்னா முன்னாலயே சொல்லியிருக்கணும்லா?” என்று முனகியபடியே அவர் சுத்தியலை எடுத்தார். மெத்தைகளை வெளியே எறிந்து, ரேவதியைக் கடைசிக் கதவில் மாட்டி, உத்திரட்டாதியை நகர்த்தி, நிலா இருந்த கதவுக்கு வந்தபோது கதவடியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த ஆணி அசையவில்லை. போனில் சைதூன் பீவி, “கூட்டிட்டுப் போறாகங்க, கூட்டிட்டுப் போறாக,” என்று விசும்பினார். கிதிர் முகம்மது பலகையை இரு கையாலும் பற்றி, உள்ளங்கை கிழிய, ஆணியோடு பிடுங்கி, அடுத்த கதவில் வாளியின் முன்வாய்க்கு மேல் அழுத்திப் பிடித்தார். ஜெபசிங் அடித்து முடிக்குமுன் கதவு திறந்தது. அருவிநீர்க் குளிர்ச்சியோடு நிலா வெளியே வந்து, மூவரையும் தொட்டும் தொடாமலும் கடந்து, அடுத்த அறைக்குள் நுழைந்தது. திருவோணத்தையும் அவிட்டத்தையும் சதயத்தையும் பிறகு ஒவ்வொரு கதவு தள்ளி மாற்றினார்கள். பழைய திருவோணக் கதவில் அபிஜித் என்று சுண்ணக்கட்டியால் எழுதினார்கள்.

அறுவை அறையின் வாசலிலேயே ஹுஸ்னாவுக்கு வலி வந்தது. கத்தி படாமல் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை மேல் சன்னமான ஒளி இருந்ததால் நர்ஸ் தலைமாட்டு விளக்கை அணைத்துவிட்டார். தாமதத்தை ஈடுகட்ட நிலா சில நாள் பகலிலும் எழுந்தது. அதன் குளிர்ச்சியால் தென்காசியில் துணி காயச் சற்று நேரமானது. இப்போது கடையநல்லூரில் மின்சாரம் போனால், அக்கம்பக்கத்துப் பெண்கள் தையல் வேலையை எடுத்துக்கொண்டு ஹுஸ்னாவின் வீட்டுக்கு வந்து தொட்டிலைச் சுற்றி உட்காருகிறார்கள். குழந்தை திரும்பிப் படுத்தால், அவர்களும் சற்றே நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.