பதில் இல்லை

எலிசபி, தன் அப்பாவின் வலது காலில் கடல்நாய்த் தோல் பூட்சை மாட்டப் போராடிக்கொண்டிருந்தாள். வீங்கிய கால் உள்ளே போக மறுத்தது.

"குதிகாலப் பிடிடா" என்றாள் தம்பியிடம்.

ஜேப்பீட்டி பிடித்தான். தெற்கே ஆட்டவா ஆஸ்பத்திரியில் செத்த அப்பா மோசசி, நேற்றுதான் சரக்கு விமானத்தில் டயர்களோடு டயராக ஊர் வந்து சேர்ந்தார்.

"உயிரோட கூட்டிட்டு வந்திருக்கலாம். வியாழக்கிழமை ஆம்புலன்ஸ் விமானத்துல இடம் தரேன்னாங்களே."

"வீட்டுக்கு வரியான்னு அவரக் கேக்கச் சொன்னேன்க்கா நர்ஸ்கிட்ட. அவரு பதிலே சொல்லலன்னாங்க. சரி, அங்கயே வைத்தியம் பாக்கட்டும்னுட்டேன்."

"தொண்டையில குழாயச் சொருகி வச்சா எப்படிடா சொல்லுவாரு? மூஞ்சியப் பாத்தியா?"

"நர்ஸ் வீடியோ அனுப்பினாங்க."

"பாத்தியா?"

அவன் மூக்கைச் சுருக்கினான்.

மூக்கு சுருங்கினால் இல்லை, புருவம் ஏறினால் ஆமாம். பனி உறைந்த இந்த வடக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தெற்கே பெரிய படிப்பு படித்தவர்களுக்குத்தான் தெரியாது. ஜேப்பீட்டிக்குத் தெரியும். ஆனால் குழாயோடு அப்பாவைப் பார்க்கத் தைரியமில்லாமல், வீடியோவுக்குக் கீழே இருந்த 'பதில் இல்லை' என்ற வரியை மட்டும் படித்துவிட்டுப் போனை மூடியவன் அவன்.

எலிசபி கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான்.

வீடியோவில், அவன் எழுதி அனுப்பிய கேள்வியை நர்ஸ் அப்பாவின் மொழியிலேயே தட்டுத்தடுமாறிப் படித்தாள். நல்ல பெண்தான். அப்பாவின் புருவம் ஏறியது. அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள். காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள். புருவம் மறுபடி ஏறியது, நெற்றி மொத்தமும் மடிப்பு விழும்படி. மூன்றாம் முறை கேட்டபோது புருவத்தை இறக்காமலே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், ஒண்ணும் புரியல அவருக்கு" என்று நர்ஸ் யாரிடமோ சொன்னதோடு வீடியோ முடிந்தது.

எலிசபி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடது காலுக்குப் போனாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஊர்ப் பாதிரியார் வந்தார். "குழி தோண்டியாச்சு. பெட்டிய மூடிரலாமா ஜேப்பீட்டி?"

ஜேப்பீட்டி புருவத்தைத் தூக்கினான்.

பாதிரியார் மறுபடி கேட்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த மூடியை எடுத்தார்.