ஏசி நின்றுபோன பதினோரு மாதங்கள்

பிக்கப் வண்டியின் ஏசியை மாற்றுவதா, வேண்டாமா என்ற கேள்வியைத் திரைக்காரர் பதினோரு மாதங்களாகப் பரிசீலித்துக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து, திரைச்சீலை மாட்டிவிட்டு வருவது அவருடைய தொழில். உடன் வந்து அளவுகளைக் குறித்துக்கொள்வதும் துணியை வெட்டித் தைப்பதும் அவர் மனைவியின் தொழில். பத்தொன்பது வயதான அந்த வண்டியில் ஏசி மட்டும் முழுமையாகச் செத்திருந்தது. மற்ற உறுப்புகள் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தன.

மாற்றக் கூடாது என்பதற்கு அவரிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பழைய இன்ஜின் பாரம் தாங்காது. வெளிக்காற்று நுரையீரலுக்கு நல்லது. வியர்த்தால் உடம்பின் கெட்ட நீர் வெளியேறும். இவற்றுள் எதுவும் உண்மையான காரணம் அன்று. உண்மையான காரணத்தை அவர் தமக்குத் தாமேகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை: ஏசி நின்ற நாளிலிருந்து மனைவி அவருடன் சண்டை போடவில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். கூடத்தில் அவருடைய அப்பா; ஓர் அறையில் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மகள்கள்; மற்றோர் அறையில் தையல் மெஷினும் துணிச் சுருள்களும் போக மிஞ்சிய இடத்தில் இவர்கள் இருவரும். ஆகவே சண்டை என்று ஒன்று இருந்தால் அது வண்டிக்குள்தான் என்பது வண்டி வாங்கிய நாள் முதலான ஏற்பாடு. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, அடுத்த வாடிக்கையாளர் வீடு வருவதற்குள் அவள் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிடுவாள். இறங்கும்போது இருவர் முகமும் இஸ்திரி போட்டது போல் இருக்கும்.

ஏசி செத்தது, கண்ணாடிகள் இறங்கின. சிக்னலில் பக்கத்து பஸ்ஸில் இருப்பவர் கையை நீட்டினால் திரைக்காரரின் காதைத் திருகலாம். அவ்வளவு நெருக்கத்தில் குடும்ப விஷயம் பேச அவளுக்கு மனம் வரவில்லை. அவள் மௌனமானாள். அதை அவர் மனப்பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் பேச வேண்டியதில் தலையாயது ஒன்றுண்டு. திரை குட்டையாகத் தொங்கினால் அவர் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்து, "அளவு குறிச்சது வீட்டம்மா, நான் என்ன பண்றது?" என்பார். டேப்பைப் பிடித்து எண்ணைச் சொன்னவர் அவர். சொன்னதை எழுதியவள் மட்டுமே அவள். முன்பெல்லாம் இந்த வாக்கியத்துக்கான பலன் வண்டி ஏறியவுடன் கிடைத்துவிடும் என்பதால் அதை அளவோடு பயன்படுத்தினார். இந்தப் பதினோரு மாதங்களில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை.

புதன்கிழமை காலை மெக்கானிக் தன் ஷெட் வாசலில் இருவரையும் மறித்தான். "அண்ணே, உடைச்ச வண்டி ஒண்ணுல நல்ல ஏசி கம்ப்ரஸர் வந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும்தான் பிடிச்சு வைப்பேன்."

"இந்தக் கிழவனுக்குக் குளிர் தாங்குமாப்பா?"

"வண்டியைச் சொல்றீங்களா, உங்களையா?"

"மாத்திடலாங்க" என்றாள் மனைவி.

"எதுக்கும்மா? காத்து நல்லாத்தானே வருது."

"காத்து மட்டுமா வருது? ஊரே உள்ள வருது."

"அப்படி என்ன ரகசியம் நமக்குள்ள?"

"நிறைய இருக்கு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி.

அந்த 'நிறைய'வைக் கேட்டதும் அவர் சாவியைத் திருகினார். மாலையில் சொல்வதாக மெக்கானிக்கிடம் கூறிவிட்டு வண்டியை எடுத்தார். என்ன சொல்வது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைய முதல் வீடு ஒரு பெண் பல் மருத்துவருடையது. படுக்கையறையில் தூசுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்து, ஏசியை ஓடவிட்டிருந்தார். திரை மாட்டி முடிந்தது. அது தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"தரையைத் தொடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. யாரு அளவெடுத்தது?" என்றார் மருத்துவர்.

"வீட்டம்மா குறிச்சது டாக்டர். கணக்குல கொஞ்சம் வீக்கு." பின்பாதி, அன்று புதிதாகச் சேர்த்தது.

மனைவி ஊசிப் பெட்டியைக் கீழே வைத்தாள். அடைத்த ஜன்னல்களைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த ஏசியைப் பார்த்தாள். பிறகு போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

"டாக்டரம்மா, ஒரு பத்து நிமிஷம் எங்களுக்கு இந்த ரூம் வேணும். நீங்களும் இருங்க, உங்களுக்கும் பதில் சொல்லணும்ல."

பிறர் வாயைத் திறக்க வைத்தே பிழைக்கும் மருத்துவர் ஆர்வத்தோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

"போன மாசம் புத்தகக் கடைக்காரர் வீடு. எண்பத்தாறுன்னு சொன்னீங்க, எழுதினேன். திரை குட்டையாயிடுச்சு, பழி என் மேல. இந்த வீட்டுல தரையிலேர்ந்து டேப்பைப் பிடிக்கல, சுவரடியில ஒட்டியிருக்கிற டைல்ஸ் பட்டி மேலேர்ந்து பிடிச்சீங்க. குனிஞ்சா இடுப்பு வலி. வலி உங்களுக்கு, கணக்கு எனக்கு வீக்கா?"

மருத்துவர் எழுந்து, டேப்பை வாங்கி, டைல்ஸ் பட்டியை அளந்தார். பிறகு திரைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அளந்தார். "ரெண்டுமே மூணு இன்ச்" என்றார், எக்ஸ்ரேயைப் படிக்கும் குரலில்.

"ஏம்மா, இதெல்லாம் வண்டியில பேசிக்கக் கூடாதா?" என்று திரைக்காரர் முனகினார்.

"வண்டியில எங்க இடம் வெச்சிருக்கீங்க?"

அவர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "தம்பி, அந்தக் கம்ப்ரஸரை மாட்டிடு. இன்னிக்கே."

"இன்ஜின் தாங்காதுன்னீங்களே அண்ணே?"

"இரும்புப்பா அது. தாங்கும்."

"வெளிக்காத்து நல்லதுன்னு..."

"வெளியில பூரா தூசி."

மனைவி போனை அவர் கையிலிருந்து வாங்கினாள். "வேணாம் தம்பி. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன் அண்ணி? நீங்கதானே கேட்டீங்க?"

"மூடி வெச்ச இடத்துலதான் பேச வரும்னு நெனச்சிட்டிருந்தேன். இப்பதான் தெரியுது, ஆள் முன்னாடியும் நல்லாவே வருது."

திரையைக் கழற்றி மடித்துக்கொண்டு, புதிய அளவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இந்த முறை டேப்பை அவள் பிடித்தாள், அவர் எழுதினார்.

முதல் சிக்னலில் ஒரு பஸ் வந்து உரசுவதுபோல் நின்றது. பழக்கத்தில் திரைக்காரருக்கு மூச்சு சீரானது.

"அடுத்து வக்கீல் வீட்டு விஷயம்" என்று அவள் முழுக்குரலில் தொடங்கினாள். "அங்க டேப்பைத் தலைகீழாப் பிடிச்சது யாரு?"

பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து வந்தார்.

"நான்தான்" என்றார் திரைக்காரர், ஸ்டியரிங்கைப் பார்த்து.

"கேக்கலங்க."

"எங்களுக்கும் கேக்கல சார்" என்றாள் ஜன்னலோரப் பெண்.

பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. திரைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் சொன்னார்.