தோல்: குறையில்லை

ஆய்வாளர் வருகிறார் என்று சேதி வந்தால் போதும், வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கரைக்கட்டுமே. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுக்கிற வேலை அது. யாராவது ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். அந்த ஒருவர் இந்த அம்மாள். முன்பு பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக நின்றவள். இப்போது பையில் நாற்பத்திரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறுகிறாள்.

அன்று காலை எட்டு மணிக்கு ஏறியது மூன்றாம் மாடி. அங்கே எண்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் தனியாக இருந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் எழுத்தராக இருந்தவர் என்பதால் அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயரே 'ரெஜிஸ்தர்'தான். போன வருஷம் இடுப்பு முறிந்ததிலிருந்து கட்டிலே கதி. காலையும் மாலையும் ஒரு பராமரிப்புப் பெண் வந்து ஐம்பது ஐம்பது நிமிஷம் இருந்துவிட்டுப் போவாள்.

கதவைத் திறந்தவளும் அவள்தான். நாற்பது வயது, கையில் ஈரத்துணி, வாய் நிறையப் பேச்சு.

"வாங்க மேடம். ஐயா விடிஞ்சதுலேருந்து மாப்பிள்ளை மாதிரி காத்துக்கிட்டிருக்கார்."

"மாப்பிள்ளைக்கு யாராவது கன்னத்துல கீறி வைப்பாங்களா? நேத்து இவ ஷேவ் பண்ண லட்சணம் பாருங்க," என்றார் ரெஜிஸ்தர்.

"தலையை ஆட்டிக்கிட்டே கதை சொன்னா கீறாம என்ன செய்யும்?"

ஆய்வாளர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. பெரிய பெரிய முதியோர் இல்லங்களில்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. மனசுக்குள் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் மேஜைமேல் இருந்த பதிவேட்டை எடுத்தாள்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த பிறகு, பராமரிக்கிறவர் தன் கையால் அதில் எழுத வேண்டும். அன்றைய பக்கத்தில் இப்படி இருந்தது: 'காலை 8.45. கஞ்சி முழுவதும் உண்டார். உடம்பு துடைக்கப்பட்டது. தோல்: குறையில்லை. மனநிலை: உற்சாகம்.'

மணி அப்போது எட்டு பத்து. கஞ்சி இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்தோ முத்து முத்தாக இருந்தது. முந்தின நாள் வேறொரு வீட்டில் இதே பெண் எழுதிய பதிவை அவள் பார்த்திருந்தாள். அது கோழி கிளறிய மண்.

"இதை யார் எழுதினது?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "நான்தான்..." என்று இழுத்தாள்.

"அவளை விடுங்க," என்றார் ரெஜிஸ்தர். "நான்தான் எழுதறேன். அம்பது நிமிஷத்துல கால் மணி நேரம் இவ எழுத்துக் கூட்டறதுக்கே போயிடும். எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. மிச்ச நேரம் இந்த நாற்காலியில உக்காந்து பேசிட்டுப் போகட்டுமேன்னுதான். வேற யார் இருக்கா எனக்குப் பேச?"

"என்ன பேசுவீங்க?"

"வாயாடிக்கு விஷயத்துக்கா பஞ்சம்? இவ மாமியார் கதையே ஒரு வருஷத்துக்கு வரும்."

ஆய்வாளருக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. விதிப்படி இது பொய்ப் பதிவு. ஆனாலும் சின்னக் குறையாக எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே பின்பக்கங்களைப் புரட்டினாள். 'தோல்: குறையில்லை.' அறுபத்தொரு நாளும் அதே வரி. போன வருஷத்திலிருந்து படுத்தே கிடக்கும் கிழவர் உடம்பில் இரண்டு மாதமாக ஒரு சிவப்புத் திட்டுகூட இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை, வார்டில் நின்றவளிடமா?

அவள் கட்டிலருகே போனாள். ரெஜிஸ்தர் காலில் கம்பளிச் சாக்ஸ் இருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. குனிந்தபோது, மறக்க முடியாத ஒரு வாடை மூக்கில் ஏறியது.

"சாக்ஸைக் கடைசியா எப்பக் கழட்டினீங்க?"

"ஐயாவுக்குக் குளிரும் மேடம்," என்றாள் அந்தப் பெண். "கழட்ட விட மாட்டார். அவங்க விருப்பத்தை மதிக்கணும்னு ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க."

"நான் பார்க்கலாமா ஐயா?"

"வேண்டாம்."

பலவந்தமாகக் கழற்ற அவளுக்கு உரிமை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஐயா, உங்களுக்கே தெரியும். எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இவங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

ரெஜிஸ்தர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இடது காலை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். அவள் சாக்ஸை உருவினாள்.

குதிகாலில் காசளவுக்குக் கருத்து, ஓரம் ஈரமாகிப் புண் வைத்திருந்தது. அந்தப் பெண் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"குளிருதான்னு கேட்டப்பல்லாம் ஆமான்னீங்களே ஐயா. என்னைப் பார்த்து அவ்வளவு பயமா?"

"உன்னைப் பார்த்து இல்லம்மா. அந்த நோட்டைப் பார்த்து." ரெஜிஸ்தர் பதிவேட்டைக் காட்டினார். "எதிர்வீட்டுக்காரருக்குத் திங்கக்கிழமை புண்ணுன்னு எழுதினாங்க. புதன்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்துச்சு. அப்புறம் அவர் திரும்பவே இல்லை. எனக்கு இந்த வீடு வேணும். நீ வரணும். வேற எதுவும் வேண்டாம்."

ஆய்வாளர் டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். மதியமே வருவதாகச் சொன்னார். புண் எலும்பைத் தொடவில்லை, வீட்டிலேயே ஆற்றிவிடலாம், இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்பதை அவள் ரெஜிஸ்தரிடம் மறைக்கவில்லை. "முதல் நாளே எழுதியிருந்தாலும் உங்களை யாரும் எங்கேயும் கொண்டுபோயிருக்க மாட்டாங்க ஐயா," என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

அடுத்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. பதிவைத் தானே எழுதாதவர், புண்ணைக் கவனிக்காதவர், விசாரணை முடியும்வரை அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. ஆறு வாரமாவது ஆகும். வேலைக்கு வேறு ஆள் வருவார்.

"பொய் சொன்னது நான். தண்டனையை எனக்குக் குடுங்க," என்றார் ரெஜிஸ்தர்.

"உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லை ஐயா."

"எழுதுங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். "சாக்ஸ்தானே, கழட்டிப் பார்த்திருக்கணும். என் தப்புதான்."

அவள் அழவில்லை. ஆறிப்போன கஞ்சியைச் சூடாக்கி ஊட்டினாள். உடம்பைத் துடைத்துவிட்டாள். கீறிய கன்னத்தை வேண்டுமென்றே பார்க்காமல் தலைவாரிவிட்டாள். மாமியார் கதை அன்று வரவில்லை. கடைசியில் தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "வர்றவங்ககிட்ட கஞ்சியில உப்பு கம்மியாப் போடச் சொல்லுங்க," என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ரெஜிஸ்தர் அவள் காலடிச் சத்தம் கடைசிப் படி வரை போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் போய்விடலாம்தான். ஆனால் அவள் அப்படிப் போகிறவள் இல்லை. 'இந்தச் சேவையில் எது வேறு மாதிரி இருந்திருக்கலாம்? பயனாளர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதவும்.'

அவர் கதவைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"நீங்க இன்னிக்கு வராம இருந்திருக்கலாம்."

வராமல் இருந்திருந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். அவள் பேனாவை எடுத்து, ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே எழுதிக்கொண்டாள்.