வளைவுக்கு விழுந்த தையல்

துரையின் வளைவு திறக்கப்பட்ட அன்று சுடப்பட்ட குண்டுகளில் ஒன்று மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு சாண். மழை, வெயில், விடுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. துறைமுகக் கூலிகளின் வேலைநிறுத்தத்தை அடக்கிய வெற்றிக்காக எழுப்பிய கல்வளைவு அது, உச்சியில் கல்லில் செதுக்கிய துரையின் தலை. துரை நாடாவை வெட்டப் போனபோது கூட்டத்திலிருந்த மூட்டை தூக்குகிறவன் ஒருவன் செருப்பைக் கழற்றி அவர் வாயைப் பார்த்து வீசினான். சிப்பாய்கள் சுட்டார்கள். செத்தவர்களைத் துணிமூட்டைபோல வண்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். தரையைக் கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதாமல் கடலிலிருந்து இறைத்தார்கள். செருப்பு வீசியவன் எதிர்வீட்டுக்குள் ஓடி, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவனுக்கென்று புறப்பட்ட குண்டு சோம்பேறிக் குண்டாகப் போயிற்றே தவிர வழி தவறவில்லை. அவன் நகர்ந்தால் அதுவும் திரும்பும். குறுக்கே சுவரோ பீரோவோ கட்டிப்போட்ட ஆடோ, எது நின்றாலும் துளைத்துக்கொண்டு வரும்.

வீட்டில் பழகிக்கொண்டார்கள். படுக்குமுன் குண்டு எங்கே என்று பார்த்துக் கட்டிலை நகர்த்துவார்கள். வயதான காலத்தில் அவனுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை மறந்தார்கள். விடிந்தபோது அது பிடரிக்குள் பாதி போயிருந்தது. ஆளை இழுத்தால் கூடவே வந்தது. தொட்டதை விடாத குணம். கொல்லன் குறடு போட்டு இழுத்ததில் கொல்லனின் தோள்மூட்டுதான் கழன்றது. மாலையில் இரண்டு பற்களோடு வாய்வழியே வெளியே வந்த குண்டு, சற்றே திரும்பி, செத்தவனின் மகனை நோக்கி நகர்ந்தது.

அந்த மகனைக் கட்டியவள்தான் தையல்காரி. குடித்துவிட்டு வந்தால் அவன் தையல் மெஷினின் தோல் பெல்ட்டை உருவி அவளை அடிப்பான். ஒருநாள் அடித்த களைப்பில் குண்டுக்கு நேராகவே தரையில் விழுந்து குறட்டைவிட்டான். காலைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானை வைத்து, நூலைப் பல்லால் கடித்து நிமிர்ந்தபோது, அது அவன் காதுக்குள் போய்விட்டிருந்தது. விட்டது பீடை என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் அது மறுகாதால் வெளியே வந்து, தொட்டிலில் கிடந்த அவள் மகள் பக்கம் திரும்பியது. புருஷனுக்கு வராத அழுகை அப்போது வந்தது.

வேறு ஊருக்கு ஓடலாம். ஆனால் இடையில் இருக்கிறவர்களை எல்லாம் துளைத்துக்கொண்டு அது வந்துசேரும். அதனால் வீட்டிலேயே இருந்து, மகளை நகர்த்தி நகர்த்தி வளர்த்தாள். ஒருநாள் வளைவின் தூணுக்குப் பின்னால் மகள் விளையாடிக்கொண்டிருந்தபோது குண்டு தூணுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. தையல்காரி அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். நூல் கோக்காமல் ஊசியை நெருக்கி ஓட்டினால் கெட்டி அட்டையும் கையோடு கிழிந்து வரும், அது அவளுக்குத் தெரியும். வளைவால் பிறந்த குண்டு வளைவோடு சாகும் என்று முடிவு கட்டினாள். அன்று முதல் மகளின் நாற்காலி ஒரு மாதம் தூணுக்கு இந்தப் பக்கம், ஒரு மாதம் அந்தப் பக்கம்.

"எம்மா, நான் என்ன உனக்கு நூலா? அங்கயும் இங்கயும் இழுத்தடிக்கிற."

"நூல் இல்லாமத்தாண்டி ஓட்டுறேன். நாற்காலிய ஒரு விரக்கடை தள்ளிப் போடு."

மகள் பள்ளிப் பாடம் படித்ததும் வயதுக்கு வந்ததும் அந்த நாற்காலியில்தான். வளைவைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்லிப் பிழைக்கிற வழிகாட்டி ஒருவன் இருந்தான்.

"அக்கா, தூணு சல்லடையாப் போச்சு. வர்றவங்க கேக்குறாங்க, என்னன்னு சொல்றது?"

"கரையான்னு சொல்லு."

"கல்லுலயா?"

"துரை கல்லுதானே. அதுல எதுவும் வரும்."

நகராட்சி சிமெண்டைப் பூசியது. குண்டு சிமெண்டையும் துளைத்தது. வளைவின் நூற்றாண்டு விழாவுக்குத் துரையின் தலைக்கு மாலை போடுவதென்று தீர்மானமாயிற்று. "அன்னிக்கு அடியில நிக்காதேடா" என்று தையல்காரி வழிகாட்டியிடம் சொன்னாள். "நின்னாத்தான் அக்கா போட்டோவுல விழுவேன்" என்றான்.

நகராட்சித் தலைவர் ஏணியில் ஏறி மாலையை வீசிய நேரத்தில் குண்டு கடைசித் தையலைப் போட்டது. கல் அட்டைபோலவே நேர்கோட்டில் கிழிந்தது. துரையின் தலை நகராட்சித் தலைவரின் தலைமேல் விழுந்தது, இரண்டில் கல்தான் தப்பியது. பேண்டு வாத்தியக்காரர்களில் மூவரை ஊதுகுழலோடு சேர்த்துத்தான் தோண்டி எடுக்க முடிந்தது. வழிகாட்டிக்கு வலதுகால் முழங்காலோடு போயிற்று. மறுபடியும் கடல்தண்ணீரை இறைத்துத் தரையைக் கழுவினார்கள்.

தையல்காரி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புழுதி அடங்கும்வரை காத்திருந்தாள். புழுதி அடங்கியது. கற்குவியலுக்குள்ளிருந்து குண்டு வெளியே வந்து, கொஞ்சம் பளபளப்பு கூடி, மகளை நோக்கித் திரும்பியது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

கட்டு அவிழ்த்ததும் வழிகாட்டி கவைக்கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "வளைவையும் எடுத்துட்ட, காலையும் எடுத்துட்ட. இனி எதைக் காட்டிப் பொழைக்கிறது?"

"சொன்னா கேட்டியா நீ? உக்காரு." அவள் அவனுக்கு முக்காலியைத் தள்ளினாள். கால்சட்டையில் கால் இல்லாத பக்கத்துத் தொங்கலை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிறகு ஊசியைத் தலைமுடியில் துடைத்தபடி தெருக்கோடியைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அந்த மணிக்கூண்டு யாரு கட்டினது?"

"அதுவும் அதே துரைதான் அக்கா."

மகள் பெருமூச்சு விட்டாள். யாரும் சொல்லாமலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, குண்டைச் சுற்றிக் கடந்து, மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.